நடுச்சக்கரத்தின் விளிம்பு

உங்கள் உயரம் என்ன என்று டாக்டர் கேட்டால் சாதாரண மனுஷன் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். நம்முடைய ஆள், காலையிலா சாயங்காலமா என்று திருப்பிக் கேட்டவர். தூங்கி எழுந்ததும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பதை அவரே சுவரில் கோடு போட்டு அளந்து வைத்திருந்தார். மாமனார் இறந்த அன்று, ஆறடி மனுஷன் இப்படிப் பொசுக்கென்று போய்விட்டாரே என்று யாரோ விம்மினார்கள். ஐந்தடி ஒன்பது என்று இவர் பக்கத்திலிருந்து மெல்லத் திருத்தினார். மச்சினன்தான் கையைப் பிடித்து அவரை வெளியே இழுத்துக்கொண்டு போனான்.

வேலை செய்யும் இடத்தில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். வீட்டில் மனைவி கோபம் வரும்போது மட்டும் அப்படிக் கூப்பிடுவாள். ஆகவே அந்தப் பெயர் வீட்டிலும் நன்றாகவே புழங்கியது.

டயர் கடைக்கு மேலே மாடியில் அவருடைய கம்பெனி இருந்தது. பெரியவர்கள் காசு கொடுத்து வாங்கி, குழந்தைகளைத் தொடவிடாமல் தாங்களே வைத்து விளையாடுகிற ரயில்களை அங்கே செய்தார்கள். நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஓர் ஆள் கட்டைவிரலின் முதல் கணு அளவுக்குத்தான் இருப்பான். மில்லிமீட்டர் அங்கே வரைபடக்காரர். சேர்ந்த நாளிலிருந்து சரக்குப் பெட்டிகளைத்தான் வரைந்துகொண்டிருந்தார். கதவு, தாழ்ப்பாள், கீல், மறுபடியும் கதவு. இன்ஜின் வரைய வேண்டும் என்ற ஆசையை வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல் தலைமுடி நரைக்கும் வரை வைத்திருந்தார்.

கடைசியில் முதலாளிக்கு மனசு இரங்கியது. மலைப்பாதையில் ஓடிய பழைய நீராவி இன்ஜின் ஒன்றை இதுவரை எந்தக் கம்பெனியும் மாடலாகச் செய்ததில்லை. பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள் கொண்ட நீளமான இன்ஜின். அதை நீங்களே வரையுங்கள் என்று கொடுத்துவிட்டார். நிஜ இன்ஜின்களை எல்லாம் எப்போதோ உடைத்து விற்றுவிட்டார்கள். மிஞ்சியது அவற்றைக் கட்டியவர்களின் வரைபடம் ஒன்றுதான். மில்லிமீட்டர் அதைப் பிரித்து மேசையில் போட்ட அன்று சாப்பிட மறந்தார். ஒவ்வொரு ஆணித் தலையையும் எண்ணினார். அண்டைவீட்டுக்காரர் மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தைச் சொல்ல வந்தபோது, கொதிகலன் எவ்வளவு தடிமன் தெரியுமா என்று ஆரம்பித்து, வந்த மனுஷனை வந்த வழியே அனுப்பினார்.

வினை மச்சினன் உருவத்தில் வந்தது. அவனுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. மில்லிமீட்டர் சிபாரிசு செய்து வாங்கிக் கொடுத்த வேலை. விற்பனைப் பிரிவு. நாக்கு ஒன்றுதான் அவனுக்கு மூலதனம். இன்ஜின் பாதிகூட ஆகாத நிலையில், இது சாப்பாட்டு மேசை மேலேயே வட்டமடிக்கும் என்று கடை கடையாக அளந்துவிட்டு வந்துவிட்டான். எல்லாருக்கும் வீடு சின்னது, தண்டவாளம் போட மேசையை விட்டால் வேறு இடமில்லை. அதனால் ஆர்டர் வந்து குவிந்தது.

முதல் மாதிரி தயாரானதும், மேசை அளவுக்கு வளைத்த தண்டவாளத்தில் ஓடவிட்டார்கள். நேர்ப்பாதையில் ராஜா மாதிரி வந்தது. வளைவில் கவிழ்ந்தது. மறுபடியும் வைத்தார்கள், மறுபடியும் கவிழ்ந்தது. தண்டவாளத்தை விட்டு இறங்காமல் பிடித்துக்கொள்ள ரயில் சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு உண்டு. இன்ஜின் நீளமாக இருந்ததால், வளைவில் நடுச்சக்கரத்தின் விளிம்பு ஒதுங்க இடமில்லாமல் தண்டவாளத்தின் மேல் ஏறி, மொத்தத்தையும் குடைசாய்த்தது.

முதலாளி நிறுத்தி நிதானமாகப் பேசினார். வரப்போகும் மாடல் ரயில் கண்காட்சிக்குள் இது வளைவில் திரும்ப வேண்டும், இல்லையென்றால் இன்ஜினைக் கைவிட்டுவிட்டுப் பழையபடி சரக்குப் பெட்டிக்கே போய்விடலாம் என்றார். வாழ்நாள் முழுக்கக் கதவு வரைந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து, நடுச்சக்கரம் இரண்டின் விளிம்பையும் அரத்தால் தேய்த்து எடுத்தார். முகத்தைப் பார்த்த மனைவி என்ன விஷயம் என்று கேட்டாள். தப்பு பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். இருக்கிற விளிம்பை இல்லாமல் செய்கிறேன், இது பொய் இன்ஜின் என்று அவர் விளக்கியதும் எழுந்து மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"ஒரு சக்கரத்துக்கா இந்த மூஞ்சி? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்" என்றாள். குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

விளிம்பு போனதும் இன்ஜின் அந்த வளைவில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. முதலாளி கைகுலுக்கினார், மச்சினன் கட்டிப்பிடித்தான். மில்லிமீட்டருக்குச் சோறு இறங்கவில்லை.

கண்காட்சி அன்று மச்சினன் காதோடு காதாகச் சொல்லி வைத்தான், கேட்டால் மட்டும் வாயைத் திறங்கள், முடிந்தால் கேட்டாலும் திறக்காதீர்கள் என்று. அவன் பயம் ஒரு பல் டாக்டரை நினைத்துத்தான். ஊரார் வாயைத் திறக்கவைத்துப் பார்ப்பது அவர் தொழில். மாடல் இன்ஜின்களின் குற்றம் குறைகளை ரயில் பத்திரிகையில் எழுதுவது பொழுதுபோக்கு. கைப்பிடிக் குமிழ் ஒன்று குறைகிறது என்று எழுதியே ஒரு கம்பெனியின் இன்ஜினைக் குழிதோண்டிப் புதைத்தவர்.

டாக்டர் வந்தார். கோட்டுப் பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்தார். புகைபோக்கியைப் பார்த்தார், ஆணிகளை எண்ணினார், குறை ஒன்றும் அகப்படவில்லை. பிறகு இன்ஜினை மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணாடியை நடுச்சக்கரத்துக்குக் கொண்டுபோனார். டாக்டரின் கை அப்படியே நின்றது.

"இது எப்படி உங்களுக்குத் தெரிஞ்சுது?" என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டாக்டரே விளக்கினார். உடைத்து விற்ற அந்த இன்ஜின்களில் ஒரே ஒரு நடுச்சக்கரத்தைப் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடித்து வாங்கித் தன் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தியிருக்கிறாராம். என் மனைவி அதில்தான் துணி காயப்போடுகிறாள் என்றார். வரைபடத்தில் விளிம்பு உண்டு, ஓடிய சக்கரத்தில் கிடையாது. செய்கிறவன் எவனும் வரைபடத்தைப் பார்த்து ஏமாறுவான், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று இத்தனை வருஷமாகக் காத்திருந்தாராம்.

மச்சினனுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆராய்ச்சி சார், அத்தான் ராப்பகலா உட்கார்ந்து பண்ணின ஆராய்ச்சி என்று எடுத்துவிட்டான். முதலாளி பெருமையாகத் தலையாட்டினார். பத்திரிகையில் முழுப் பக்கமும் இவரைப் பற்றியே எழுதுகிறேன் என்று டாக்டர் பேனாவைத் திறந்தார்.

சும்மா இருந்தால் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த இன்ஜினும், அதற்கடுத்த இன்ஜினும் அவருக்குத்தான். மில்லிமீட்டர் வார்த்தையை விழுங்கிப் பார்த்தார், அது இறங்க மறுத்தது.

"எனக்குத் தெரியாது டாக்டர். வரைபடத்துல இருக்கிற மாதிரி விளிம்போடதான் செஞ்சேன். சாப்பாட்டு மேசை வளைவுல கவிழ்ந்துது. வேற வழி தெரியலை, தேய்ச்சுட்டேன்."

மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் இன்ஜினை நிமிர்த்தித் தண்டவாளத்தில் வைத்தார். அது மெதுவாக நகர்ந்து வளைவில் நுழைந்தது. ஆடாமல் அசையாமல் திரும்பி வெளியே வந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிஜ இன்ஜினும் மலைப்பாதை வளைவுல கவிழ்ந்துது. அதைக் கட்டினவங்களுக்கும் வேற வழி தெரியலை, தேய்ச்சுட்டாங்க" என்றார்.