மூன்றாவது பெடல்

பாலு ஓட்டிய கேரவனில் இரண்டு பெடல்தான். ஒன்று ஆக்ஸிலேட்டர், இன்னொன்று பிரேக். இரண்டுக்கும் வலது கால் போதும். இடது காலுக்கு அந்த வண்டியில் வேலையே கிடையாது.

ஜப்பானில் செய்த மினி பஸ் அது. எப்போதோ ஒரு தயாரிப்பாளர் கப்பலில் வரவழைத்து, உள்ளே கட்டில், நிலைக்கண்ணாடி, குளியலறை எல்லாம் வைத்து நடிகர்கள் தங்கும் கேரவனாக மாற்றினார். பெட்ரோல் இன்ஜின், தானாக மாறும் கியர். பிறகு கைமாறி, ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் ஸ்ரீலக்ஷ்மியிடம் வந்தது. படப்பிடிப்புகளுக்கு வண்டி வாடகைக்கு விடுவது அவர் தொழில். நான் உடைப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்த முதல் படத்துக்கு அந்த வண்டிதான் வந்தது. இஸ்திரி போட்ட துணிகளோடு நான் படியேறினால் பாலு கதவைத் திறந்துவிட்டு, "செருப்பு, பாப்பா" என்பார். வெகுநாள் வரை எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

மற்ற டிரைவர்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள். "இவன் எங்க மச்சி வண்டி ஓட்றான்? சோபால குந்திக்கினு ஊர்வலம் போறான்." பாலுவும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த வண்டிக்கு வருவதற்கு முன் அவர் தண்ணீர் லாரி ஓட்டினார். ஒரு விபத்தில் இடது முட்டி நொறுங்கி, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். அதன் பிறகு முட்டி பாதி வரைதான் மடங்கும். சமதரையில் நடந்தால் லேசாகக் காலை இழுப்பது போல் இருக்கும், அவ்வளவே. வேலையில்லாமல் இருந்த நாளில், கோடம்பாக்கத்தில் ஒரு ரெண்டு பெடல் வண்டிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டுப் போய் நின்றார். "கால்ல என்ன?" என்று ஸ்ரீலக்ஷ்மி கேட்டார். "சுளுக்கு மேடம், சரியாயிடும்" என்றார் பாலு. அந்தச் சுளுக்கு ஒன்பது வருஷம் இருந்தது.

போன வருஷம் வண்டி கரும்புகை விட ஆரம்பித்தது. பெட்ரோல் செலவைப் பார்த்து கம்பெனிகளும் அதைக் கூப்பிடுவதைக் குறைத்தன.

"இதை வச்சுண்டு நான் என்ன பண்றது, பாலு?" என்றார் ஸ்ரீலக்ஷ்மி. "வர வாடகையெல்லாம் பங்க்லயே போயிடறது. ஒண்ணு டீசல் இன்ஜின் மாத்தணும். இல்லேன்னா எடைக்குப் போட்டுடலாம்."

"மாத்திடலாம் மேடம். வாஜித் பாய் பாத்துக்கும்."

வாஜித்துக்குக் கோடம்பாக்கத்தில் ஷெட். பழைய வண்டிக்குப் புது இன்ஜின் வைப்பதில் கைதேர்ந்தவர், பாலுவுக்கு நெடுநாள் சிநேகம். பாலு காலை இழுத்து நடப்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு முடியாது என்பது தெரியாது. இருவருமாகப் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைக்குப் போனார்கள்.

பழைய கியர்பாக்ஸை வைத்துக்கொண்டு இன்ஜினை மட்டும் மாற்றலாம் என்றுதான் பாலு நினைத்திருந்தார். வாஜித் தலையை ஆட்டினார். "போல்ட் ஓட்டையே சேராது நைனா. இன்ஜினும் கியர்பாக்ஸும் புருசன் பொண்டாட்டி மாதிரி. ஜோடியாத்தான் தூக்கணும்."

கடையில் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்றில் கையால் போடும் கியர், இடது காலால் க்ளட்ச் மிதிக்க வேண்டும். இன்னொன்று, வெளிநாட்டு வேன் ஒன்றைப் பிரித்து எடுத்தது, தானாக மாறும் கியர். இரண்டுமே வண்டிக்குப் பொருந்தும் என்று வாஜித் அளந்து பார்த்துச் சொன்னார்.

"நீதான ஓட்டப் போற? நீயே சொல்லு."

பாலு வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் முந்திக்கொண்டார். "கையும் காலும் நல்லாக் கீற ஆளுக்கு எதுக்குபா ரெண்டு பெடலு? அது மகாராணிங்க ஓட்ற வண்டி."

எல்லாரும் சிரித்தார்கள். பாலுவும் சிரித்தார். "கியரே எடு பாய்" என்றார்.

வெகுநாள் கழித்து அதைப் பற்றி என்னிடம் அவர் சொன்னது ஒரே வரி: "அந்தச் சிரிப்புல மாட்டிக்கினேன் பாப்பா."

அடையாற்றங்கரையில் இருந்த பாலுவின் வீட்டை அரசாங்கம் எடுத்துவிட்டு, பெரும்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் வீடு கொடுத்திருந்தது. பாலு ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதனருகே கொண்டுவந்து சேர்த்து ஏறுவார். அவர் மனைவி பொன்மணி கேட்டாள், "மாடி ஏறவே இந்தப் பாடு. நீ க்ளட்ச்சு மிதிக்கப் போறியா?"

"பழகிடும்."

"இன்னா பழகும்? முட்டியா? போய் அந்தம்மாகிட்ட சொல்லிடு."

"சொன்னா அன்னிக்கே சாவிய வாங்கிக்கும்."

சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது காலால் சுவரை மிதித்து மிதித்துப் பழகினார். நான்காம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "சண்டைன்னா பொண்டாட்டிகிட்ட போடு மாமா, செவுரு இன்னா பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஷெட்டில் வேலை மளமளவென்று நடந்தது. பழைய இன்ஜினைச் சங்கிலியில் தூக்கி வெளியே வைத்தார்கள். டீசல் இன்ஜின் உட்காரும் இடத்தில் புதிதாக இரும்புத் தாங்கிகளை வெல்டிங் செய்தார்கள். பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைத்தார்கள். பாலு கூடவே நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார், கிரீஸ் துடைத்தார். கடைசியில் க்ளட்ச் பெடலுக்காக டிரைவர் சீட்டுக்கு முன்னால் தரைத் தகட்டை வெட்ட வேண்டியிருந்தது. வாஜித் தரையில் ஒட்டியிருந்த ரப்பர் விரிப்பை உரித்தார். அதில் ஓரிடம் மட்டும் குதிகால் அளவுக்குத் தேய்ந்து பளபளத்தது. ஒன்பது வருஷமாக வேலையில்லாத இடது கால் ஊன்றியிருந்த இடம். சரியாக அங்கேதான் தகடு வெட்டப்பட்டது.

சோதனை ஓட்டத்தன்று ஸ்ரீலக்ஷ்மியே வந்தார். குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பாலு சீட்டில் ஏறி, மூன்றாவது பெடலை மிதித்தார். மிதிபட்டது. பழங்கள் நசுங்கின, வண்டி முன்னால் நகர்ந்தது. ஸ்ரீலக்ஷ்மி கை தட்டிவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டார்.

சமதரையில் வண்டி ஓடிய வரை பாலு சமாளித்துவிட்டார். கோடம்பாக்கம் மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் பஸ்கள் தேங்கி நின்றன. நிற்க ஒரு மிதி, நகர ஒரு மிதி, மறுபடி நிற்க ஒரு மிதி. முட்டிக்குள் நெருப்பு வைத்தது போல் எரிந்தது. இடது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்துக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். ஒருமுறை தூக்கி வைத்த கால் வழுக்கியது. இன்ஜின் உதறி நின்றது. இன்ஜின் நின்றதால் பிரேக் பெடல் கல்லாக இறுகி மிதிபடவில்லை, வண்டி பின்னால் சரிந்தது.

"யோவ்! ரிவர்ஸ்லயே ஊட்டுக்குப் போறியா?" என்று பின்னாலிருந்த ஆட்டோக்காரர் அலறினார்.

பாலு ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தார். ஆட்டோவை முட்டாமல் வண்டி நின்றது.

பக்கத்து சீட்டில் இருந்த வாஜித் ஆட்டோவைப் பார்க்கவில்லை. தொடைக்கு அடியிலிருந்த கையையே பார்த்தார்.

"எப்பலேர்ந்து?"

"தண்ணி லாரி காலத்துலேர்ந்து."

"புதுப்பேட்டைல உன்னாண்டதான நைனா கேட்டேன்?"

"கேட்ட."

பின்னால் ஹாரன்கள் கூடின. "எறங்கி இந்தப் பக்கம் வா" என்றார் வாஜித். பாலு இறங்கி, காலை இழுத்தபடி வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்து ஏறினார். பாலத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

வாஜித் வண்டியை நேராக ராஜா அண்ணாமலைபுரத்துக்கு விட்டார். வாசலில், "நான் சொல்லட்டா?" என்று கேட்டார்.

"வாணாம் பாய்."

ஸ்ரீலக்ஷ்மி வெளியே வந்ததும் பாலு சொன்னார், "அது சுளுக்கு இல்ல மேடம்."

எல்லாவற்றையும் கேட்டபின் அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பெடலே கிடைச்சிருக்கே. ஏன் சொல்லலை?"

"சொன்னா எறக்கிடுவீங்கன்னு."

"இப்ப மட்டும்? உங்களை ஓட்டச் சொல்லி, நாளைக்கு யார் மேலயாவது ஏறினா?"

"ஓட்ட முடியாது மேடம்." சாவியை அவரே நீட்டினார்.

அந்த இன்னொரு ஜோடி விற்றுப்போயிருந்தது. வாஜித் கேட்டுப் பார்த்துவிட்டார்.

சில நாள் கழித்து ஸ்ரீலக்ஷ்மி போன் செய்தார். வண்டியோடு போய் ஜெனரேட்டர், தண்ணீர், ஏ.சி. பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், வருகிறாரா என்று கேட்டார். பாலு இரண்டு நாள் யோசித்தார். "வண்டி எடைக்குப் போவல இல்ல?" என்றாள் பொன்மணி. "அப்புறம் இன்னா?" மறுநாள் பாலு வேலைக்குப் போனார்.

இப்போது செந்தில்குமார் என்ற புது டிரைவர் ஓட்டுகிறார். போன வாரம் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் படப்பிடிப்பு. கோடம்பாக்கத்திலிருந்து துணி மூட்டைகளோடு நானும் அந்த வண்டியிலேயே போனேன். மேம்பாலத்தில் வழக்கம் போல் நெரிசல். டிரைவருக்கு இடப்பக்க சீட்டில் பாலு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணே, எடம் பத்தலியா?" என்றார் செந்தில்குமார்.

பாலு திரும்பி அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"முட்டி மடங்காதுபா. சீட்ட பின்னாடி தள்ளு, கால நீட்டணும்."

செந்தில்குமார் குனிந்து, பாலுவின் சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியை இழுத்தார். சீட்டு சரக்கென்று பின்னால் போனது. பாலு இடது காலை முழுசாக நீட்டிக்கொண்டார். முன்னால் பஸ் நகர்ந்தது. செந்தில்குமார் க்ளட்ச்சை மிதித்து, கியர் போட்டு, வண்டியை மேலே ஏற்றினார். பஸ் மறுபடி நின்றபோது, பாலுவின் வலது கால் மட்டும் பிரேக் இல்லாத தரையை அழுத்தி மிதித்தது.