ஆஸ்பத்திரிக்குள் மட்டும் அம்மா

நான் மூன்றாம் வகுப்பு படித்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டு உறவுமுறை கொஞ்ச நாள் தலைகீழாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குள் போனால் அத்தை எனக்கு அம்மா. அம்மா எனக்கு அத்தை.

கேரளத்து மலையில், சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டக் கூலிகளுக்கான வரிசை வீடுகளில், லயத்தில், இருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தை, புருஷன் செத்த பிறகு கம்பத்திலிருந்து மலையேறி வந்து, எங்களோடு தங்கி ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றில் கட்டி, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காசு கொடுத்துச் செய்ய எங்களுக்கு ஏது வக்கு? இலவசமாகச் செய்ய இன்சூரன்ஸ் அட்டை வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் இருந்தால்தான் அந்த அட்டையில் சேர்ப்பார்கள். எங்கள் அட்டையில் அப்பா, அம்மா, நான் மூன்று பேர்தான். கேரளத்தில் அத்தைக்கு ரேஷன் கார்டே கிடையாது. கம்பத்தில் மாமியார் வீட்டுக் கார்டில் இருந்த பெயரையும் அடித்துவிட்டிருந்தார்கள்.

ஆகவே அத்தை, அம்மாவின் பெயரில் படுத்தாள். அட்டையில் இருந்த படம் யார் சாயலுக்கும் பொருந்தும் அளவுக்கு மங்கலாக இருந்தது. கைரேகை மெஷினுக்குத்தான் பயந்தோம். ஆனால் ஏலக்காய்க் கறை ஏறித் தேய்ந்துபோன விரலில் ரேகை எங்கே விழும்? தோட்டத்து ஆட்கள் எல்லோருக்கும் இதே கதைதான் என்று கவுண்டரில் இருந்தவர் சலித்துக்கொண்டு உள்ளே விட்டார்.

"அத்தைய அம்மான்னு கூப்பிடணும். வாய் தவறிச்சுன்னா அத்தைய வெளிய அனுப்பிருவாக, தெரியுதா?" என்று அம்மா என் கன்னத்தைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. பிள்ளை இல்லாத அத்தைக்கும் பிடித்துத்தான் இருந்தது போலும், "தண்ணி வேணுமாம்மா" என்று நான் கேட்டால்கூட, "என்னன்னு கேட்ட? இன்னொருக்கச் சொல்லு" என்பாள். பாவம் அப்பாதான். ஆஸ்பத்திரிக் கணக்கில் சொந்தத் தங்கைக்கே புருஷனாகிவிட்டதால், வார்டுக்குள் வரக் கூசி, வாசல் டீக்கடையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஆபரேஷன் முடிந்தும் அத்தை தேறவில்லை. ஒருநாள் காலையில் நர்ஸ் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, "அம்ம போயி மோளே" என்று மலையாளத்தில் அழுதார். என் அம்மாவோ எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான் திருதிருவென்று விழித்தேன். அம்மா என் அருகே குனிந்து, "அம்மான்னு சொல்லி அழு தாயி" என்றாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டே அம்மா, அம்மா என்று கத்தி அழுதேன். அத்தைக்காக அழுதேனா, பயத்தில் அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மறுவருஷம் அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது, அம்மாவின் பெயரை எடுத்துவிட்டு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கணக்கில் அவள் இறந்துபோயிருந்தாள். நான்தான் அது, உயிரோடு நிற்கிறேன் என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. சொன்னால், அப்படியானால் செத்தது யார் என்று கேட்பார்களே. என் கையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ காய்ச்சல் வந்தது அவளுக்கு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் அளவுக்கு இருமலும் வந்தது. தோட்டத்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் ஏலக்காய் எடுக்கப் போய்விடுவாள். ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத அம்மா எங்கள் லயத்தில் என் அம்மா ஒருத்திதான் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.