நான் வெட்டச் சொன்ன இரண்டு புள்ளி

ஏழாம் ஆண்டு வரலாற்றுப் பரீட்சையில் சரியாக எழுதிய ஒரு விடைக்காக நான் இரண்டு கிழமை பயந்து செத்தேன்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் ஊர். வைகாசிச் சடங்கில் கண்ணகை அம்மன் கதையைக் கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் பாடுவார். ஒரு ராசா கடல் தாண்டிப் போய் அம்மனை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார் என்று அதில் வரும். அதே ராசா எங்கள் வரலாற்றுப் புத்தகத்திலும் இருந்தார். அங்கே அவர் சோழ நாட்டுக்குப் போய்ச் சிறைப்பட்டவர்களை மீட்டுவந்தார், அவ்வளவுதான். அம்மனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

வரலாறு படிப்பித்த சேரிடம் கேட்டேன். வாவிக்கு அந்தப் பக்கமிருந்து சைக்கிளில் வந்து, புத்தகத்தைப் பார்த்து நோட்ஸ் சொல்லிக்கொண்டே போகிறவர் அவர். "அது கோயில் கதை புள்ள. புத்தகத்தில இரிக்கிறத எழுது" என்றுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

பரீட்சையில் அதுவே வந்தது: அரசன் யாரை அழைத்துவந்தான்? அம்மனை எழுதினால் புள்ளி போகும். எழுதாவிட்டால்? கடைசியில் புத்தகத்தில் உள்ளதையே எழுதினேன். இரண்டு புள்ளியும் கிடைத்தன.

தாள் கைக்கு வந்த மூன்றாம் நாள் தம்பிக்கு உடம்பெல்லாம் கொப்புளம். அம்மா வாசலில் வேப்பிலை செருகி, அம்மாள் வந்திருக்கிறா என்று மெல்லச் சொன்னார். ஏன் வந்தா என்பது எனக்கு மட்டும் தெரியும். தம்பி முனகும்போதெல்லாம் சாமி அறைக்குள் போய்த் தோப்புக்கரணம் போட்டேன். காய்ச்சல் குறையவில்லை.

அம்மாவுக்குச் சொல்லாமல் தாளோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடி, அம்மாள் வந்த வீட்டுப் பிள்ளை உள்ளே போகக்கூடாதென்று ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

"சேர், இந்த ரெண்டு புள்ளியையும் வெட்டுங்க."

"புள்ளி காணாது எண்டுதான் எல்லாரும் வாற. உனக்குக் கூடிப்போச்சா?"

அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றது. சிவப்புப் பேனையை எடுத்து இரண்டையும் வெட்டினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு கதையையும் எப்படி வெச்சுப் பாக்கிறது எண்டு எனக்கும் ஒருத்தரும் சொல்லித் தரல்ல புள்ள" என்றார்.

கொப்புளம் காய்ந்து தம்பிக்குத் தண்ணீர் வார்த்த நாளில்தான் எனக்கு மூச்சு வந்தது. அம்மன்தான் காப்பாற்றினா. இன்றும் அதை நம்புகிறேன். சேரும் அம்மனுக்குப் பயந்துதான் தலை குனிந்தார் என்று அப்போது நினைத்தேன். போன கிழமை என் மகள் அதே பாடத்தை விரித்து, "அம்மா, இதுல அம்மன் எங்க?" என்று கேட்டபோது, என் தலையும் தன்பாட்டில் குனிந்தது.