இரண்டாயிரம் அடி உயரத்தில் அறுந்த இழை

ஏழு வருடத்துக்கு முன்பு, ஆடிக் கிருத்திகை அன்று காலை, நான் தனியாக ஓட்டிச் சென்ற பயிற்சி விமானத்தின் என்ஜின் நடுவானில் நின்றுவிட்டது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. எனக்கு இருபது வயது. இன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கிருத்திகை பூஜைக்குக் கூடும் உங்கள் முன்னால் இதைச் சொல்ல இத்தனை நாள் கூச்சமாக இருந்தது. காரணம், என்னைக் காப்பாற்றிய பெயரை வருடக்கணக்காகக் கேலி செய்தவள் நான்.

ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பட்டுத் தறிகள். ஒன்றில் அப்பா, ஒன்றில் அம்மா. நெய்யும்போது, நீளவாக்கில் கட்டிய பாவு நூலில் ஒரு இழை அறுந்தால் இரண்டு பேரும் ஒரே மாதிரி செய்வார்கள். மிதியிலிருந்து காலை எடுப்பார்கள். கையையும் எடுத்துவிட்டு, "முருகா" என்பார்கள். அப்புறம்தான் குனிந்து, அறுந்த நுனியைத் தேடி முடிச்சுப் போடுவார்கள். பதறிப்போய் இழுத்தால் பக்கத்து இழைகளும் சேர்ந்து அறுந்துவிடும்.

பள்ளி விடுமுறையில் நானும் தறியில் உட்காருவேன். எனக்கோ இழுக்கிற கை. ஒன்று அறுந்தால் நாலாக்கிவிடுவேன். அம்மாவின் திட்டுக்குப் பயந்து நானும் "முருகா" சொல்லிப் பழகினேன். பக்தி என்று பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலமானால் அப்பாவைச் சீண்டுவேன்.

"இன்னிக்கு எத்தினி முருகாப்பா?"

"பதினொண்ணு" என்பார், கொஞ்சமும் சளைக்காமல். நல்ல நூல் வந்த நாளில் "ரெண்டே ரெண்டு" என்று பெருமையாகச் சொல்வார்.

ஒருநாள், "ஒத்தை இழைக்குப் போய் சாமியைக் கூப்பிடணுமா?" என்று கேட்டேன்.

"அவரு பேரைச் சொல்ற நேரத்துக்காவது கை சும்மா கீதில்ல" என்றார்.

இப்போது நான் பெரிய விமானத்தில் துணை விமானியாக இருக்கிறேன். ஆனாலும் அந்த இரண்டு சீட்டுக் குட்டி விமானத்தை நினைத்தால் மனசு இளகிவிடும். ஆட்டோ மாதிரி குலுங்கும். இறங்கிய பிறகும் சட்டையில் பெட்ரோல் வாசனை போகாது. பயிற்சிப் பள்ளி விடுதியில் நாங்கள் நாலு பெண்கள், யாருக்கு முதலில் தனியாகப் பறக்க அனுமதி கிடைக்கும் என்று ஏங்கிக் கிடந்த நாட்கள் அவை. அந்த வயசு திரும்பி வராது.

கிருத்திகை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. அந்த ஆடிக் கிருத்திகைக்கும் அம்மா காலையிலேயே போன் செய்தாள்.

"தறிக்கே இன்னிக்கு லீவு. நீ இன்னாத்துக்கு ஓட்டிகினு கீற?"

"முருகன் மயில் ஓட்டலையா?" என்று சிரித்துவிட்டு வைத்தேன்.

கிளம்பி அரை மணி நேரம் இருக்கும். இரண்டாயிரம் அடி உயரம். என்ஜின் இரண்டு முறை இருமியது. விமானம் முழுக்க உதறியது. பிறகு சத்தமே இல்லை. வெளியே காற்று சீறுவது மட்டும் கேட்டது. எரிபொருள் குழாயில் அடைப்பு என்று பின்னால் சொன்னார்கள்.

அப்போது என் கை என்ன செய்தது தெரியுமா? இழுத்தது. விழாமல் இருக்க வேண்டும் என்ற பயத்தில், விமானத்தின் மூக்கைத் தூக்கும் பிடியை இரண்டு கையாலும் மார்பு வரைக்கும் இழுத்தேன். என்ஜின் இல்லாத விமானத்தில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. வேகம் செத்துப்போகும், அப்புறம் கல் மாதிரி விழ வேண்டியதுதான். நூறு தடவை படித்திருக்கிறேன். படித்தது ஒன்றும் நினைவில் இல்லை. வேகம் குறைகிறது என்று எச்சரிக்கை ஒலி அலறியது. அப்படியும் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

"முருகா" என்று கத்தினேன்.

சொன்ன அந்தக் கணம் என் கை தளர்ந்தது. நான் தளர்த்தவில்லை, தானாகத் தளர்ந்தது. மூக்கு தாழ்ந்தது, வேகம் திரும்பி வந்தது, அலறல் நின்றது. விமானம் அமைதியாக மிதந்து இறங்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. என்ஜினைத் திரும்ப இயக்கிப் பார்த்தேன், அசையவில்லை. வானொலியில் ஆபத்து என்று அறிவித்தேன். இறங்க இடம் தேடினேன். வலது பக்கம் தண்ணீர் நின்ற நெல் வயல். அதில் இறங்கினால் குப்புறக் கவிழும். எதிரே வேர்க்கடலை பிடுங்கிய காய்ந்த நிலம், எங்கள் பக்கத்தில் மல்லாட்டைக் கொல்லை என்போம். அதைத்தான் பிடித்தேன்.

தரை நெருங்கும்போது பார்க்கிறேன், கொல்லை நடுவில் சேலைகள். நாலைந்து பெண்கள் குனிந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள். என்ஜின் சத்தம் இல்லாததால் யாரும் நிமிரவில்லை. "முருகா, அவங்க மேல வேணாம்" என்றேன். அதில் ஒரு அம்மா, எதற்கு என்று இன்றைக்கும் தெரியாது, நிமிர்ந்து பார்த்தார். அவர் போட்ட கூச்சலில் எல்லோரும் ஒரு பக்கமாக ஓடினார்கள். நான் மறுபக்கம் திருப்பினேன். சக்கரம் தரையைத் தொட்டது. வரப்பில் இடித்து முன்சக்கரம் உடைந்தது. மூக்கு மண்ணில் குத்தி விமானம் நின்றது. எனக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்த அந்த அம்மாதான் முதலில் ஓடிவந்து என்னை வெளியே இழுத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றேன். அதைச் சொன்னதும்தான் அழுகை வந்தது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி முடித்தேன். கிருத்திகை என்பதால் வீட்டில் தறிச் சத்தம் இல்லை. "கை இழுத்துதா பாப்பா?" என்று கேட்டார்.

"இழுத்துதுப்பா. முருகான்னதும் விட்டுட்டேன்."

அப்பா அழுது நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

பழக்கதோஷம் என்று விடுதித் தோழி ஒருத்தி சொன்னாள். இருக்கட்டும். அந்தப் பழக்கத்தைப் பத்து வயதிலேயே என் கையில் கொண்டுவந்து வைத்தவர் யார்? குனிந்திருந்த அந்த அம்மாவை நிமிர வைத்தவர் யார்? எனக்குப் பதில் தெரியும். மறுமாதக் கிருத்திகையிலிருந்து, ஊரில் இருந்தால் கோயிலில்தான் இருக்கிறேன். எங்கே இருந்தாலும் விரதம் விட்டதில்லை.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று அறுந்திருக்கலாம். உடம்போ, உறவோ, பிள்ளையின் படிப்போ. அதை இழுக்காதீர்கள். கையை எடுத்துவிட்டு ஒரு முறை அவனைக் கூப்பிடுங்கள். நுனி கிடைக்கும்.

இப்போதும் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் வீட்டுக்குப் போன் செய்கிறேன். கேலி செய்வது இப்போது அப்பாவின் முறை.

"இன்னிக்கு எத்தினி முருகா, பாப்பா?"

ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. "ரெண்டே ரெண்டுப்பா" என்கிறேன்.

"நல்ல நூலு" என்கிறார்.