இடமிருந்தும் ஏற்றாத ஹெலிகாப்டர்

என் வீட்டுக்காரரின் காலை மலை வாங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மலை காலை உடைத்தது, அவ்வளவுதான். வாங்கியவர்கள் வேறு.

அவர் மும்பை தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டிக்கொண்டு மாட்டுங்கா, சயான் பக்கம் தெருத்தெருவாக விற்பவர். நான் அவிப்பேன், அவர் மிதிப்பார். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடியது. இமயமலைக் கோயில்களைப் பார்க்க எங்கள் சால் வரிசை வீடுகளில் சிலர் கிளம்பியபோது நாங்களும் போனோம். மழையில் மலைப்பாதை ஏறிக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து சரிந்த கல் ஒன்று அவர் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. எலும்பு வெளியே தெரிந்தது. கீழே ரோட்டையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த மலை ஊர்க்காரர்கள் அவரைக் கட்டிலில் கிடத்தி, ஹெலிகாப்டர் இறங்கும் மைதானம் வரை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். எந்த ஊர் என்று அவர்கள் கேட்கவில்லை.

மைதானத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. ஒவ்வொரு ஊரிலிருந்தும் தங்கள் ஆட்களைக் கூட்டிப்போகக் குழுக்கள் வந்து, வாடகை ஹெலிகாப்டரோடு மேசை போட்டு உட்கார்ந்திருந்தன. ஒரு மேசையில் தமிழ்க் குரல் கேட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நம்ம ஆளுவ வந்துட்டாவ என்று எல்லோரும் அங்கே ஓடினோம். மும்பைத் தமிழர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் ஓடியிருப்பார்கள்.

மேசையிலிருந்த அதிகாரி ஆதாரைத் திருப்பிப் பார்த்தார். விலாசம் தாராவி.

"மேடம், நீங்க பாம்பே. இது ஊர்லேர்ந்து வந்தவங்களுக்கு மட்டும். அந்த பாம்பே டேபிளுக்குப் போங்க" என்றார்.

காலைப் பாருங்கள் சார் என்றேன். பார்த்தார். பார்த்துவிட்டு, ரூல்ஸ் என்றார்.

மும்பைக்காரர்களின் மேசைக்கு ஓடினேன். நாங்கள் தமிழில் கெஞ்சியதை அங்கிருந்தவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உங்கள் ஆட்கள் அங்கே இருக்கிறார்களே என்று இந்தியில் சொன்னார். நான் தாராவியில் பிறந்தவள், முனிசிபல் பள்ளியில் படித்தவள். மராத்தியிலேயே பொரிந்து தள்ளினேன். என் மராத்தி ரொம்ப நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். பாராட்டிவிட்டு அதே தமிழ் மேசையைக் கைகாட்டினார். அந்த நேரத்தில் அவர் சிரித்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

இரண்டு மேசைக்கும் பந்து மாதிரி எங்களை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் தமிழ்க் குழுவின் ஹெலிகாப்டர் மேலே எழும்பியது. ஜன்னல் வழியாகக் காலி இருக்கைகள் தெரிந்தன. அதன் காற்றில் என் வீட்டுக்காரர் மேல் போர்த்தியிருந்த கம்பளி பறந்துபோனது. அவர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "விடுட்டி, அடுத்ததுல போவம்" என்றார். அடுத்தது வரவில்லை. மேகம் இறங்கிவிட்டது.

மறுநாள் மதியம்தான் வானம் திறந்தது. வந்தது ராணுவ ஹெலிகாப்டர். குதித்து இறங்கிய வீரர் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார். உட்கார முடியுமா, படுக்க வைக்க வேண்டுமா என்று மட்டும் இந்தியில் கேட்டார். ஸ்ட்ரெச்சரோடு ஏற்றி, என்னையும் உள்ளே இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்தினார். எல்லாம் இரண்டே நிமிஷம்.

கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்ததும் முகம் சுளித்தார். நேற்றே கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த இரண்டு மேசைகளையும் தூக்கிப்போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது.

ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தார் வீட்டுக்கு வந்தார்கள். இமயமலையில் தமிழர்களை மீட்ட அதிகாரிக்குப் பாராட்டு விழாவாம். அதே தமிழ் மேசை அதிகாரி. மீட்கப்பட்டவர் என்ற முறையில் என் வீட்டுக்காரர் மேடையேறி நாலு வார்த்தை நன்றி சொல்ல வேண்டுமாம். அவர்களை வாசலோடு அனுப்பியிருப்பேன். இவர்தான் என்னை முந்திக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

விழாவில் அந்த அதிகாரி, தமிழன் எங்கே வாழ்ந்தாலும் தமிழன்தான் என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ஊன்றுகோலோடு மேடைக்கு முன்னால் போய் நின்றார். தூக்கிவிட வந்த பையன்களைக் கையால் தடுத்துவிட்டு மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"இன்னைக்கு நான் எந்த ஊரு ஆளுன்னு அந்த சார்ட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார். "பொறவு மேல வாரேன்."

அதிகாரி பக்கத்திலிருந்தவரிடம், யார் இவர் என்று கேட்டார். அவருக்கு எங்களை ஞாபகமே இல்லை.