குறையாத பால்மாவு டப்பா

அபோண்டி ஒச்சோலாவுக்குக் கை நடுங்குகிறதாம். சொன்னவர் ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ஒகும்பே. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பாள். திங்கட்கிழமைக் கூட்டத்தில், பத்துப் பேர் முன்னால், கன்னங்கரேலென்று ஒரு படத்தைச் சுவரில் காட்டி, "ஒச்சோலா அம்மாவுக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது, பாவம்" என்றார். மற்றதெல்லாம் ஆறிவிடும், அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

வயது நாற்பத்தாறு. இதற்குப் பெயர் வயசா? கிசுமு நகருக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டியிருக்கிற மலேரியா ஆராய்ச்சி நிலையத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவத்தான் அவள் முதலில் சேர்ந்தாள். கழுவிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து வேலையைக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் புரதப் படம் எடுக்கிறவருக்கே மலேரியா வந்து, பாதி வேலையில் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். மீதியை இவள் முடித்தாள். அவர் எடுத்ததைவிடப் படம் பளிச்சென்று வந்தது. அன்றைக்குக் கையைத் துடைத்துவிட்டு அந்த மேசைக்கு வந்தவள்தான், பத்தொன்பது வருஷமாக எழுந்திருக்கவில்லை.

சந்தையில் மீன் விற்கிறவள் ஒருமுறை கேட்டாள், "ஆபீஸ்ல உனக்கு என்னதான்டி வேலை?"

"காய்ச்சல் கிருமி இருக்குல்ல, அது உடம்புக்குள்ள என்ன வச்சிருக்குன்னு போட்டோ புடிக்கிறேன்."

"நல்லா வருமா?"

"உன் கல்யாண போட்டோவ விட நல்லா வரும்."

வேலையும் கிட்டத்தட்ட அதுதான். ஜீன் என்பது சமையல் குறிப்பு. புரதம்தான் சமைத்து வந்த சோறு. அகேயோ என்கிற ஆராய்ச்சி மாணவி மலேரியாக் கிருமியில் ஒரு ஜீனை வெட்டி எறிந்திருந்தாள். குறிப்பைக் கிழித்தாயிற்று, சோறு நின்றதா? அதைத்தான் படம் காட்ட வேண்டும். கிருமியின் புரதங்களைச் சலித்து ஒரு மெல்லிய தாளில் இறக்கி, குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பிடிக்கிற மருந்தை மேலே ஊற்றுவார்கள். பிடித்த இடத்தில் கறுப்பாய் ஒரு கோடு விழும். கோடு இல்லாவிட்டால் புரதம் இல்லை. ஆனால் அந்தத் தாள் ஒரு பேராசை பிடித்த தாள், மருந்தையே கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் கொழுப்பு நீக்கிய பால்மாவைக் கரைத்து அதில் ஊறவைப்பார்கள். பந்தியில் காலி இலையிலெல்லாம் பால் உட்கார்ந்துவிட்டால், பின்னால் வருகிறவன் தன் ஆளைத் தேடித்தானே போக வேண்டும்.

இரண்டு மாதமாக அந்தப் படம் வரவில்லை. தாள் முழுக்கக் கறுப்பு. கோடு இருக்கிறதா இல்லையா என்று ஆண்டவனாலும் சொல்ல முடியாது. அகேயோ மூக்கைச் சிந்திக்கொண்டே திரிந்தாள். வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற பட்டியல் வெள்ளிக்கிழமை வாசிக்கப்படும், அதில் அபோண்டியின் பெயர் இருக்காது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் கோபம் முந்திக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை மேசையில் இருந்த ஒவ்வொரு புட்டியாக எடுத்துச் சோதித்தாள். உப்புத் தண்ணீர் சரி. மருந்து சரி. தாள் சரி. கடைசியில் பால்மாவு டப்பாவைத் திறந்தாள். நிறைய இருந்தது. மூடப் போனவள் நின்றாள். ஒரு டப்பா அவளுக்கு மூன்று வாரம் வரும். இந்த டப்பாவை எப்போது வாங்கினோம்? நினைத்துப் பார்த்தால் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. எடுக்க எடுக்கக் குறையாமல் இருக்க இதென்ன அட்சய பாத்திரமா? ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. எழுதியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனித்தது.

அடப்பாவிகளா, என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். கதை முழுக்க அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன் சிக்கனம் என்று சொல்லி, பத்து மணித் தேநீருக்குப் பாலை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்குப் பாலில்லாத தேநீர் கொடுத்தால் அடுத்த தெருவரை பேச்சு போகும். அதற்கப்புறமும் எல்லார் கோப்பையும் எப்படி வெள்ளையாகவே இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் தன் கோப்பையையும் காட்ட வேண்டுமே. ஆளுக்கொரு கரண்டி எடுத்திருக்கிறார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனச்சாட்சி குத்தி, கடையில் கிடைத்ததை வாங்கித் திருப்பிக் கொட்டியிருக்கிறார்கள். ஒருவர் சர்க்கரை போட்ட பால்மாவு, ஒருவர் குழந்தைகளுக்குக் கொடுப்பது, இன்னொரு புண்ணியவான் தேநீர் வெளுக்கப் போடுகிற மாவு. அது பார்க்கத்தான் பால், உள்ளே பால் பேருக்குத்தான்.

புதன்கிழமை கிடங்கிலிருந்து புது டப்பா வாங்கி, பூட்டி வைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் படம் எடுத்தாள். வெள்ளை வெளேரென்ற தாள். ஜீன் இருக்கிற கிருமியில் ஒரே ஒரு கோடு, வெட்டிய கிருமியில் சுத்த வெறுமை. அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். இப்போதே காட்டினால், இந்தத் தடவை கை நடுங்கவில்லை போலிருக்கிறது என்பார் அந்த மனிதர். அவளுக்கு வேண்டியது 'பாவம்' என்ற அந்த வார்த்தையை அவர் திரும்ப எடுத்துக்கொள்வது.

வியாழன் பத்து மணிக்கு, எல்லாரும் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, முகத்தைப் பாறை மாதிரி வைத்துக்கொண்டு சொன்னாள். "என் மேசை பால்மாவுல போன வாரம் கெடாம இருக்க ஒரு மருந்து கலந்தேன். தப்பித்தவறி யார் வயித்துலயாவது போயிருந்தா, மொதல்ல நாக்கு வெளுக்கும். அப்புறம் நடக்கிறத நான் சொல்ல விரும்பல. மாத்து மருந்து எங்கிட்ட இருக்கு. சாயங்காலத்துக்குள்ள வந்துடணும்."

உறிஞ்சுகிற சத்தம் நின்றுவிட்டது.

பால் குடித்தவன் நாக்கு வெளுக்காமல் என்ன செய்யும்? ஓட்டுநர் ஒட்டுலா வண்டியின் பக்கக் கண்ணாடியில் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான். அகேயோ கைபேசியில் தன் நாக்கைப் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். பதினொன்றரைக்கு ஒட்டுலா வந்து கதவோரம் நின்றான்.

"அக்கா, என் கூட்டாளி ஒருத்தன் குடிச்சிருக்கான்."

"கூட்டாளி நாக்கக் காட்டு."

காட்டினான். காலையிலேயே வேப்பிலையைக் கொத்தாகப் பறித்துக் கஷாயம் காய்ச்சி வைத்திருந்தாள். ஒரு தம்ளர் நிறைய ஊற்றி, அங்கேயே நின்று முழுக்கக் குடிக்க வைத்தாள். "எடுத்தது போதாதுன்னு எதடா திருப்பிப் போட்ட?" என்றும் கேட்டுக்கொண்டாள். அகேயோ வந்தாள், அழுதுகொண்டே குடித்தாள். தன் ஆராய்ச்சியைத் தன் கையாலேயே கெடுத்தவள் அவள்தான் என்பது, அதே கேள்வி தனக்கும் வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. நாலு மணிக்குள் ஒன்பது பேர் வந்து போனார்கள். அபோண்டியைத் தவிர்த்தால் பாக்கி ஒரே ஒருவர்.

நாலரைக்கு, குளிர் அறைப் பக்கத்துப் பின்கதவு மெதுவாகத் திறந்தது.

"ஒச்சோலா அம்மா, ஒரு சந்தேகம். சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

"உக்காருங்க டாக்டர். நாக்க நீட்டுங்க."

ஒகும்பே கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நீட்டினார். அவருக்கு மட்டும் தம்ளர் இல்லை, சொம்பு. பாதியில் நிறுத்தப் போனவரை, "அடியில இருக்கிறதுலதான் சத்து" என்று சொல்லி வண்டலோடு இறக்கினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது அவருக்கு.

"எடுத்ததுக்கு என்ன வச்சீங்க டாக்டர்?"

"வெளுக்கிற மாவு. மூணு டப்பா. நான் யாருக்கும் கடன்பட்டவன் இல்ல."

அவள் பையிலிருந்து புதன்கிழமைப் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் பழைய கறுப்புப் படம். அவர் ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். படித்தவர் இல்லையா, புரிய அரை நிமிஷம் போதும்.

"அப்ப மருந்து எதுவும்...?"

"கலக்கல. நீங்க கலந்ததே எனக்குப் போதும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க என் கையத்தான பாத்தீங்க. டப்பாவ யாரு பாத்தா?"

படத்தை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார். "நாளைக்கு எல்லார் முன்னாடியும் நான்தான்னு சொல்லணுமா?"

"பாவம்னு எல்லார் முன்னாடியும்தான சொன்னீங்க."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவர் எழுந்து நின்று சொன்னார். ஒச்சோலா அம்மாவின் கையில் ஒரு குறையும் இல்லை, கெடுத்தது நான் கொட்டிய மாவு என்றார். உடனே ஒட்டுலா எழுந்து, "நானும்" என்றான். பிறகு அகேயோ, பிறகு ஒவ்வொருவராய்க் கிடங்குக்காரர் வரைக்கும். பட்டியலில் முதல் பெயராக அபோண்டியை வாசித்தார் ஒகும்பே. அவள் மேல்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதை மறைக்கவும் இல்லை.

ஒகும்பேவுக்கு வாயில் இன்னும் கசப்பு இருந்திருக்க வேண்டும். சும்மா உட்காராமல் கேட்டார், "அது சரி, இத்தன வருஷத்துல நீங்க அந்த டப்பாவுல கைய வச்சதே இல்லியா?"

"வைக்காம என்ன? பத்தொம்பது வருஷமா தெனம் ஒரு கரண்டி. உள்ளங்கையில கொட்டி அப்படியே நக்கிடுவேன். படம் கெட்டதுலேருந்துதான் வாயில வைக்கப் பிடிக்கல" என்றாள் அபோண்டி. "ஆனா ஒருநாளும் திருப்பி வச்சதில்ல டாக்டர். அதான் படம் சுத்தமா வந்துது."