ஒட்டாத துகளும் ஆவடி ஸ்டெல்லாவும்

ரத்தத்தின் வழியே மருந்தை அனுப்பும் தொழிலில் இறங்கியவனுக்கு முதலில் தொல்லை கொடுப்பது அந்த ரத்தமேதான். கண்ணுக்குத் தெரியாத பாலிமர் உருண்டைக்குள் மருந்தை அடைத்து உள்ளே விட்டால், ரத்தத்திலுள்ள புரதங்கள் ஓடிவந்து மேலே அப்பிக்கொள்ளும். அப்பியதைக் கண்டதும் ஈரல் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்து போகவேண்டிய இடத்துக்குப் போகாது. ஆய்வுக்கூடத்தில் வருடங்களைத் தொலைத்த அன்பர்களே, உங்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில், சிரங்குக் களிம்பு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் பின்னறையில், நானும் ஆவடியிலிருந்து வரும் ஸ்டெல்லாவும் இந்தத் துகளோடு மல்லுக்கட்டினோம்.

தண்ணீரில் சமர்த்து

தண்ணீரில் எங்கள் துகள்கள் பிரமாதமாக இருக்கும். லேசாக நீலம் ஓடிய பால் மாதிரி நிற்கும், அடியில் ஒரு பொட்டு படியாது. ரத்தம் உறைந்தபின் மேலே தேங்கும் மஞ்சள் நீரை, அதாவது சீரத்தை, ஊற்றினால் போதும், பால் திரிந்துவிடும். நீரை இழுத்துப் பிடிக்கும் பாலிமர் இழைகளைத் துகள் மேல் முடிபோல நட்டுப் பார்த்தோம். நெருக்கமாக நட்டால் புரதம் கிட்டே வராது என்பது கணக்கு.

தண்ணீர்ச் சோதனை முடிந்ததுமே நான் டீ குடிக்கக் கிளம்பிவிடுவேன். ஸ்டெல்லா விடமாட்டாள். சீரத்துக்காகத் தன் கையையே நீட்டி ரத்தம் எடுக்கச் சொல்வாள். "தண்ணில நிக்கறது பெருசில்லண்ணா. நோயாளி ஒடம்புல தண்ணியா ஓடுது?"

முதலாளியின் சந்தேகம்

களிம்பு கிண்டியே கம்பெனி கட்டியவர் எங்கள் முதலாளி. ஒருநாள் உள்ளே வந்து உட்கார்ந்து, "எதுவுமே ஒட்டாதுன்னா நோவுலயும் ஒட்டாதே, அப்பறம் இன்னாத்துக்கு இது?" என்றார். நியாயமான கேள்விதான். ஸ்டெல்லா அசரவில்லை. புற்றுக்கட்டியின் ரத்தக்குழாய்கள் அவசரத்தில் கட்டிய சுவர் மாதிரி ஓட்டையாக இருக்கும், நெடுநேரம் சுற்றிவரும் துகள் அந்த வழியே கசிந்து உள்ளே தங்கிவிடும் என்று விளக்கினாள். எத்தனை அழகாகச் சொன்னாள்!

பம்பாயிலிருந்து ஒரு பெரிய மருந்துக் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், அவர்கள் கூட்டுச் சேராவிட்டால் இந்த அறை களிம்பு பேக்கிங்குக்குப் போய்விடும் என்றார் அவர். கதவருகே நின்று திரும்பினார். "நீ சொல்றது புரியுதும்மா. எனக்குப் புரிஞ்சா போதுமா? அவுங்க கண்ணுக்குத் தெரியணும்."

பம்பாய்க்காரர்கள்

இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் முன்னாலேயே ஸ்டெல்லா சீரத்தை ஊற்றினாள். திரியவில்லை. அரைமணி நேரம் ஆகியும் அதே நீலப் பால். முதலாளி பாதாம்பால் வரவழைத்தார். வந்தவர்கள் கைகுலுக்க எழுந்தபோது ஸ்டெல்லா ஆங்கிலத்தில், இன்னும் கொஞ்சம் உட்காருங்கள், நேற்று இதே கலவை ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை என்றாள். அவள் காலை மிதித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

உட்கார்ந்தார்கள். குழாயின் அடியில் மெல்ல வெள்ளைத் திப்பி இறங்கியது. இழைகளை இன்னும் நெருக்கமாக நடவேண்டும், அதற்குக் காலம் வேண்டும் என்றாள் ஸ்டெல்லா. அவர்கள் மரியாதையாகக் கைகூப்பினார்கள். கூட்டுக்கு இப்போது வசதியில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கார் ஏறினார்கள்.

"அரைமணியோட நிறுத்தியிருந்தா ரூம் பொழைச்சிருக்குமேம்மா" என்று நான் பொங்கினேன். அவள் கண்ணாடிக் குழாய்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் போய், இப்படி ஒருத்தியோடு வேலை செய்கிறோமே என்று பெருமையாக இருந்தது. முதலாளி வந்தார். பெட்டியிலிருந்து ஒரு குழாயை எடுத்து மறுபடி மேசைமேல் வைத்தார். "அவுங்க போனா போவட்டும்மா. நாளிக்கி நீ நல்லா கீதுன்னு சொன்னா, நான் கண்ணை மூடிக்கினு நம்பலாம். ரூமை நீயே வச்சிக்கோ."

தோற்றுப்போன சோதனையால் வேலை பிழைத்த ஆசாமிகள் எங்களைத் தவிர யாராவது இருந்தால், தயவுசெய்து ஒரு கார்டு போடுங்கள்.